அறைத்தோழி - ஒரு கடிதம்

வணக்கம் சார்,

என் மகளுக்கு அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்புகிறாள். விடுதி அறைக்கு விண்ணப்பிக்கும்போது இன்னாரோடு தங்குகிறேன் என்று நாமே பெயர் கொடுக்கலாம், இல்லாவிட்டால் அவர்களே யாரையாவது போட்டுவிடுவார்களாம். பெற்றோர் வாட்ஸாப் குழுவில் விசாரித்து நம்மவர் வீட்டுப் பெண் ஒருத்தியைப் பிடித்து வைத்திருக்கிறேன். சைவம், நன்றாகப் படிப்பாள். என் மகளோ வேண்டாம், வருவது வரட்டும் என்கிறாள். பழக்கவழக்கம் பற்றிய படிவத்தை நானே நிரப்பிவிட்டேன், அனுப்புவதுதான் பாக்கி. முன்பின் தெரியாத ஒருத்தியோடு ஒரு வருஷம் எப்படி சார்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மகளுக்கு வாழ்த்துகள். அவள் சொல்வதுதான் சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைக் கோபப்படாமல் படியுங்கள்.

முதலில் அந்தப் படிவம். எத்தனை மணிக்குத் தூங்குவாய், பாட்டு ஓடினால் படிக்க முடியுமா, அறை சுத்தமாக இருந்தாக வேண்டுமா, நண்பர்கள் வந்து போகலாமா என்று சில்லறைக் கேள்விகள்தான் இருக்கும். ஆனால் யாரோடு யார் என்று விடுதிக்காரர்கள் ஜோடி சேர்ப்பதே பெரும்பாலும் அதை வைத்துத்தான். அப்பா நிரப்பினால், பத்து மணிக்குப் படுத்து, காலையில் போர்வையை மடித்து வைக்கிற ஒரு பெண் காகிதத்தில் உருவாகிவிடுவாள். அவளுக்குத் தோதாக, நிஜமாகவே பத்து மணிக்கு விளக்கை அணைக்கிற ஒருத்தியை அவர்களும் தேடிப் போட்டுவிடுவார்கள், அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு லேப்டாப் வெளிச்சத்தில் அசைன்மென்ட் அடித்துக்கொண்டிருக்கப்போவது உங்கள் மகள்தான். நீங்கள் நிரப்பியதை அழித்துவிட்டு அவளையே நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காராதீர்கள்.

உங்கள் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்லமாட்டேன். டார்ட்மவுத் கல்லூரியில் இதே மாதிரி ஒரு படிவத்தை வைத்து மாணவர்களைப் பிரித்து, அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு அறை ஒதுக்கிவந்தார்கள். அது ஏறக்குறைய குலுக்கல் என்பதால், யாரோடு தங்கினால் என்ன ஆகிறது என்று ப்ரூஸ் சாசர்டோட் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார். கூடத் தங்குகிறவரின் பாதிப்பு மதிப்பெண்ணில் கொஞ்சம் தெரிந்தது, ஃப்ரடர்னிட்டி போன்ற மாணவர் கோஷ்டிகளில் சேர்வதிலும் தெரிந்தது. எந்தப் பாடத்தை எடுப்பது என்பதில் தெரியவில்லை. கென்டக்கியில் மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்காத பெரியா கல்லூரியிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்தது. ரூம்மேட் வீடியோ கேம் கொண்டுவந்திருந்தால் மற்றவர் படிக்கும் நேரம் நாளுக்குச் சுமார் 40 நிமிடம் குறைந்தது, மதிப்பெண்ணும் சரிந்தது. ஆக, பாதிப்பு உண்டு. ஆனால் நம்மவர் வீட்டுப் பெண் வீடியோ கேம் கொண்டுவரமாட்டாள் என்று உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் விசாரித்தது அவள் குடும்பத்தைத்தானே, அவளுடைய ராத்திரிகளை அல்லவே.

ட்யூக் பல்கலைக்கழகம் 2018-ல் முதலாண்டு மாணவர்கள் தாங்களே ரூம்மேட்டைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது. வந்து சேர்வதற்கு முன்பே சமூக ஊடகத்தில் தேடி, தங்களைப் போலவே வளர்ந்தவர்களோடு ஜோடி சேர்ந்துவிடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் கவலை. நம் ஆட்கள் வாட்ஸாப்பில் செய்வதும் அதேதான், கூடுதலாக அதை அப்பா அம்மாவே செய்கிறார்கள்.

'நம்மவர்' என்றால் யார் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 1981-ல் மிஷெல் ஒபாமா பிரின்ஸ்டனில் சேர்ந்தபோது, அதே அறையில் போடப்பட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் அம்மா, கறுப்பினப் பெண்ணோடு என் மகள் தங்குவதா என்று விடுதி அலுவலகத்துக்கே போய் மாற்றச் சொன்னார். உடனே கொடுக்க அறை இல்லை. பிறகு அந்தப் பெண் வேறு அறைக்குப் போய்விட்டாள். 2008 தேர்தல் சமயத்தில் அந்த அம்மாவே இதைப் பத்திரிகைக்காரர்களிடம் வருத்தத்தோடு சொன்னார். அவரும் மகளின் நல்லதுக்கு என்றுதான் நினைத்திருப்பார்.

சைவம் பற்றி. முதலாண்டில் பெரும்பாலான இடங்களில் சாப்பாடு பொது உணவுக்கூடத்தில்தான், அதற்கான பணத்தையும் கட்டாயமாக வாங்கிவிடுவார்கள். அறைக்குள் பிரச்சினை வரக்கூடியது முழங்கால் உயர ஃப்ரிட்ஜ் ஒன்றில் மட்டும். மேல்தட்டு எனக்கு என்று முதல் வாரமே பேசிக்கொள்ளட்டும். பல விடுதிகளில் இதற்கென்றே ஓர் ஒப்பந்தத் தாள் கொடுத்து இருவரையும் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் 'பரவாயில்லை' என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அக்டோபரில், ஆறு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு எழுந்திருக்காமல் ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை தட்டித் தட்டித் தூங்குகிறவளைப் பார்த்து மற்றவளுக்கு ரத்தம் கொதிக்கும். அந்தத் தாளில் அலாரத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

தெரிந்தவர் மகளாக இருந்தால் இந்தச் சண்டையைப் போடக்கூட முடியாது, கவனித்தீர்களா? அலாரத்துக்காகக் கோவையில் இரண்டு குடும்பங்கள் போனில் உட்கார வேண்டியிருக்கும். முகம் தெரியாதவள் என்றால் நேராகச் சொல்லலாம், அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் சீனியர் மாணவியிடம் போகலாம், சரிப்படாவிட்டால் அறை மாற்றம் கேட்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் பல இடங்களில் மாற்றமாட்டார்கள், பொறுக்கத்தான் வேண்டும். ஆஸ்துமா மாதிரி உடல்நலக் காரணம் ஏதாவது இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, மருத்துவச் சான்றோடு இப்போதே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதையும் அவளே செய்யட்டும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மாணவரின் கோப்பு மாணவருடையது என்று அங்கே 1974-லேயே சட்டம் வந்துவிட்டது, நீங்கள் மெயில் போட்டால் பணிவாக ஒன்றுமே சொல்லாத பதில்தான் வரும்.

பெட்டி கட்டுமுன் விடுதியின் தடைப் பட்டியலைப் படியுங்கள். ஊதுபத்தி, விளக்கு கிட்டத்தட்ட எங்குமே ஆகாது, ரைஸ் குக்கரும் பல இடங்களில் கூடாது. கட்டில் பெரும்பாலும் 80 அங்குல நீளம் இருக்கும், அதற்குப் பொருந்துகிற படுக்கை விரிப்பை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.