மோட்டர் சுற்றுது, தண்ணி வரல: காற்றுத் தொல்லை பற்றிக் கேட்டதும் சொன்னதும்

தலவாக்கலைப் பக்கம் தண்ணீர் மோட்டர் பார்க்கிற வேலை எனக்கு. மழை விட்டதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேள்வி வந்துவிடுகிறது, அதனால் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கொட்டகலையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, ராத்திரி நல்லா ஓடின மோட்டர் காலையில போட்டா வெறுமனே சுத்துது. தினமும் ஒரு வாளி தண்ணி ஊத்தித்தான் எடுக்கிறோம். புது மோட்டர் வாங்கச் சொல்றாங்க, வாங்கவா?

வாங்காதீங்க தங்கச்சி. ராத்திரி ஓடியது என்றால் மோட்டரில் பிழை இல்லை, நிறுத்திய பிறகு பைப்பில் நின்ற தண்ணீர்தான் கிணற்றுக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. முதலில் மெயின் ஸ்விட்சை ஓஃப் பண்ணுங்க. தண்ணி ஊற்றுகிற மூடியைத் திறந்து, வாய் வரை நிரப்பி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்க. மட்டம் இறங்கினால் ஒன்று பைப்பின் அடியிலிருக்கிற புட் வால்வு (தண்ணீரை மேலே விட்டுத் திரும்ப இறங்காமல் தடுக்கிற மூடி), இல்லாவிட்டால் நடுவில் ஏதோ ஒரு ஜொயின்ட்.

போன மாதம் இதே மாதிரி ஒரு வீட்டில் புட் வால்வைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், ரப்பருக்கும் அது உட்காருகிற வளையத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பைன் ஊசி இலை குறுக்கே கிடந்தது. அவ்வளவுதான். அந்த இலைக்காக அந்த வீட்டுக்காரர் அதற்குள் இரண்டு தடவை மோட்டரைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் வந்திருக்கிறார்.

அதே தங்கச்சி: வால்வு சரியா இருக்கு அண்ணா. ஜொயின்ட் எல்லாம் சவர்க்கார நுரை போட்டுப் பார்த்தேன், ஒரு குமிழியும் வரல.

வராது! மோட்டர் ஓடும்போது இழுக்கிற பக்கத்துப் பைப் காற்றை வெளியே விடாது, உள்ளேதான் எடுக்கும், நுரையையும் சேர்த்து. அதனால்தான் தண்ணீர் சொட்டாத ஓட்டை கூடக் காற்றை இழுக்கிறது. மோட்டர் ஓடும்போது ஒவ்வொரு ஜொயின்டிலும் ஈரத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டே வாங்க (கரண்ட் வயர் பக்கம் ஈரக் கையைக் கொண்டு போகாமல்). எந்த இடத்தில் சுற்றியதும் சத்தம் மாறி, தண்ணீர் துப்பாமல் நேராக வருகிறதோ அங்கேதான் ஓட்டை. ஊற்றுகிற மூடியின் வாஷரையும் பாருங்க, பாதிப் பேருக்கு அதுதான் வெடித்திருக்கும்.

நுவரெலியாவிலிருந்து: சிலாபத்தில் மாமா வீட்டில் 22 அடியிலிருந்து இழுத்த அதே மோட்டர். இங்கேயும் தண்ணி 22 அடியில்தான். ஒரு சொட்டு வரவில்லை. எங்கே காற்று போகிறது?

எங்கேயும் போகவில்லை. இங்கே காற்று குறைவு, அதுதான் விஷயம். மோட்டர் தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோமே தவிர, அது பைப்புக்குள்ளே வெறுமையை மட்டும்தான் உண்டாக்குகிறது, கிணற்றுத் தண்ணீரை அழுத்தி மேலே ஏற்றுவது வெளிக்காற்று. கடல் மட்டத்தில் அந்தக் காற்று கணக்குப்படி 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடி ஏற்றும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே அது 27 அடி அளவுக்கு வந்துவிடுகிறது. அந்த 7 அடியை உங்கள் மோட்டரின் கணக்கிலும் கழிக்க வேண்டும். பெட்டியில் இழுக்கும் ஆழம் 25 அடி என்று போட்டிருந்தால் உங்களுக்கு 18தான், அதிலும் பைப் உரசலுக்கு ஒன்றிரண்டு போய்விடும். ஹட்டன், பண்டாரவளைக்காரர்களுக்கு 4, 5 அடி கழியும்.

மோட்டரைத் தண்ணீருக்குக் கிட்டே இறக்கிப் பூட்டுங்க. மேலே தள்ளுவதற்கு மோட்டரின் பலம் போதும், இழுப்பதற்குத்தான் வரம்பு. இறக்க இடமில்லை என்றால் தண்ணீருக்குள்ளே போடுகிற மோட்டர்தான் வழி.

வெலிமடையிலிருந்து ஒரு ஐயா: தம்பி, உருளைக்கிழங்குக்குத் தண்ணி அடிக்கிற பெற்றோல் பம்பும் இழுக்க மாட்டேங்குது. கயிறு கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கிடலாமா?

வேண்டவே வேண்டாம் ஐயா. அந்தப் புகை கிணற்றுக்குள்ளேயே தங்கிவிடும், அதிலிருக்கிற நச்சு வாயுவுக்கு (கார்பன் மொனொக்சைட்) நிறமும் இல்லை மணமும் இல்லை, இறங்கினவரும் அவரைத் தூக்க இறங்கினவரும் சேர்ந்து போய்விடுவார்கள். நான் மேலே சொன்னது கரண்ட் மோட்டருக்கு மட்டும். உங்கள் ஹோஸில் கிளிப்புக்குக் கிட்டே வெடிப்பு இருக்கிறதா பாருங்க, நுனியை இரண்டு அங்குலம் வெட்டித் திரும்ப மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும்.

மஸ்கெலியாவிலிருந்து: எங்கள் லயத்துக்கு மலை ஊற்றிலிருந்து பைப்பில் தண்ணி வருகிறது, மோட்டர் இல்லை. பீலி ‘புஸ் புஸ்’ என்று துப்பிவிட்டு நின்றுவிடுகிறது. காற்றா?

காற்றுதான். பைப் பாறை மேலே ஏறி இறங்குகிற ஒவ்வொரு மேட்டிலும் காற்று தங்கும், மூன்று நான்கு மேடு சேர்ந்தால் தண்ணீரின் அழுத்தத்தையே தின்றுவிடும். மேட்டு உச்சியில் ஒரு ‘T’ ஜொயின்ட் போட்டுச் சின்ன டெப் பூட்டி, ஊற்றைத் திறந்து மெதுவாக நிரப்பும்போது அதைத் திறந்து விடுங்க, தண்ணீர் வந்ததும் மூடுங்க. பிறகு தண்ணீர் ஓடும்போது ஒரு தடவை லேசாகத் திறந்து விரலை வைத்துப் பாருங்க. விரலை உள்ளே இழுத்தால் உடனே மூடிவிடுங்க, அந்த மேடு ரொம்ப உயரம், பைப்பைப் பாறையைச் சுற்றிக் கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. ஊற்றுத் தொட்டியில் பைப் வாய் எப்போதும் தண்ணீருக்குள் முழுகியிருக்கட்டும், சுழி விழுந்தால் அங்கேயிருந்தே காற்று ஏறும்.

இராகலையிலிருந்து: கிளாஸில் பிடித்தால் பால் மாதிரி வெள்ளையா இருக்கு. குடிக்கலாமா?

கிளாஸை மேசையில் வையுங்க. அடியிலிருந்து மேல் நோக்கித் தெளிந்தால் வெறும் காற்று, அதனால் ஒன்றும் ஆகாது. அடியில் ஏதாவது படிந்தால் அது வேறு சங்கதி, எதற்கும் ஊற்றுத் தொட்டியைப் போய்ப் பார்த்துவிடுங்க.

ஹட்டனிலிருந்து: மோட்டருக்குள்ளே கல் உருளுகிற மாதிரிச் சத்தம். தண்ணியும் குறைவு.

கல் இல்லை. புட் வால்வின் சல்லடையை இலை அடைத்திருக்கும், தண்ணீர் போதாமல் உள்ளேயே ஆவிக் குமிழி பிடித்து உடைகிற சத்தம் அது. இன்றைக்கே நிறுத்திச் சல்லடையைக் கழுவுங்க, இரண்டு மூன்று மாதம் இப்படியே ஓடவிட்டால் உள்ளே இருக்கிற விசிறி புழு அரித்த பலகை மாதிரி ஆகிவிடும்.