தகரப் பெட்டிக்குள் ஒரு கிராமம்

போன இதழில் ‘இனாம் கிராமம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதன் பலன், ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதங்களைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டார். ரெவின்யூ இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். இனாம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கும் வாய் அடங்காது. ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் இனாம் மணியாச்சி, திருச்சிப் பக்கம் இனாம்குளத்தூர், சேலத்தில் ஜாகீர் அம்மாபாளையம். இனாம் என்றால் இலவசம்தானே? ஒரு முழு ஊரையே யார் யாருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்?
*கா.மு., விருதுநகர்*

ராஜாவோ நவாபோ நாயக்கரோ, கோயிலுக்கும் வேதம் படித்தவருக்கும் படையில் நின்றவருக்கும் கொடுத்தார்கள். ஆனால் ‘இலவசம்’ என்பது பாதிதான் சரி. பல இனாம்களுக்கு ‘ஜோடி’ என்று ஒரு சிறு தொகை வருடாவருடம் கட்டியாக வேண்டும். ஜோடி என்றால் இரட்டை மாடு இல்லை. முழுத் தீர்வைக்குப் பதிலாக வாங்கும் சலுகைத் தீர்வை. எதைக் கொடுத்தார்கள் என்பது பெரிய கதை. அடுத்த கடிதத்தில் வருகிறது.

கேள்வி: என் கொள்ளுத் தாத்தாவின் அப்பா பெயரில், 1860-களில் வெள்ளைக்காரன் கொடுத்த ஆங்கிலப் பத்திரம் ஒன்று தகரப் பெட்டியில் இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஐந்து வேலி, சுரோத்திரியம் என்று அப்பா சொல்வார். அந்த நிலம் இப்போது யார் யார் பட்டாவிலோ இருக்கிறது. மீட்க வழி உண்டா?
*ஆர்.எஸ்., கும்பகோணம்*

சார், அந்தப் பத்திரத்தை எடுத்து முதல் பத்தியை மட்டும் நிதானமாக வாசியுங்கள். அச்சடித்த பாரம், நடுவில் காலியிடங்கள், அவற்றில் பேனாவால் பெயரும் ஊரும் ஏக்கரும் எழுதியிருப்பார்கள். இந்தப் பாரம் எனக்கு மனப்பாடம். அதன் சாரம் இதுதான்: இன்ன கிராமத்தில் இத்தனை ஏக்கர் ‘என்று சொல்லப்படுகிற’ நிலத்தின் மேல் சர்க்காருக்குச் சேரவேண்டிய வருவாயைப் பெறும் உமது உரிமையை ஒப்புக்கொள்கிறேன்.

கவனித்தீர்களா? நிலத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நிலத்தின் மேலுள்ள வருவாயை ஒப்புக்கொள்கிறான். ‘சொல்லப்படுகிற’ என்ற வார்த்தை அதைவிட அழகு. அளந்து பார்த்துக் கொடுத்ததாகப் பின்னால் யாரும் பிடித்துக்கொள்ளக் கூடாது அல்லவா!

பழைய நாளில் தீர்வையைக் காசாக வாங்கும் முன் களத்து மேட்டில் நெல்லாகவே பிரித்தார்கள். அடித்துத் தூற்றிக் குவித்த பொலியில் ராஜாவின் பங்கு மேல்வாரம், உழுதவன் பங்கு குடிவாரம். உங்கள் முன்னோர் மெத்தப் படித்தவராக இருந்திருப்பார். ‘இந்த ஐந்து வேலியில் எனக்கு வரும் பங்கை இனி நீ வாங்கிக்கொள்’ என்று அரசர் சொல்லியிருப்பார். சுரோத்திரியம் என்ற சொல்லே வேதம் ஓதும் சுரோத்திரியரிடமிருந்து வந்ததுதான். அன்றைக்கும் ஏர் பிடித்தவன் அதே குடியானவன். மறுநாளும் அவனே. மாறியது பொலிக்கு முன்னால் மரக்காலோடு நிற்கும் ஆள்.

இரண்டு வாரமும் சேர்த்துக் கொடுத்த ‘இருவார’ இனாம்களும் உண்டு. ஒரு தானம் மேல்வாரம் மட்டுமா, இருவாரமா என்பதற்காக நம் ஜில்லாக்களில் நடந்த வழக்குகளுக்குக் கணக்கே இல்லை. பிராமணனுக்குக் கொடுத்த தானம் என்றாலே மேல்வாரம் மட்டும்தான் என்று முன்கூட்டி முடிவு கட்டக் கூடாது, அந்தந்த ஆவணத்தைப் பார்த்துச் சொல் என்று 1918-ல் லண்டன் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு நமக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி கோர்ட்) சொன்னது. அதற்கு ஐம்பது வருடம் முன்பே, 1869-ன் எட்டாவது சட்டம் இன்னொன்றைச் சொல்லியிருந்தது: இந்த இனாம் பத்திரங்களில் என்ன எழுதியிருந்தாலும் சாகுபடியில் இருப்பவனின் உரிமையை அது கூட்டாது, குறைக்காது.

பத்திரத்தை ஏன் கொடுத்தான் என்று கேட்பீர்கள். பம்பாய் மாகாணத்தில் 1852-ல் சட்டம் போட்டு, ‘ஆதாரம் காட்டு, இல்லாவிட்டால் இனாமை விடு’ என்று கிளறினார்கள். தார்வார் பக்கம் ஊரெல்லாம் வயிற்றெரிச்சல். தத்துப் பிள்ளையை ஏற்க மறுத்ததால் நரகுந்து சமஸ்தானத்துப் பாஸ்கர ராவ் 1858-ல் கலகத்தில் இறங்கியது வரைக்கும் போனது. அதே 1858-ல் சென்னை மாகாணத்தில் இனாம்களைச் சரிபார்க்க இனாம் கமிஷன் உட்கார்ந்தபோது கொஞ்சம் புத்தி வந்திருந்தது. ஐம்பது வருடம் அனுபவித்து வந்திருந்தால் மூலப் பட்டயம் எங்கே என்று குடைய வேண்டாம் என்று விதி செய்து, உங்கள் வீட்டில் இருப்பதைப் போன்ற பத்திரங்களைக் கொடுத்தார்கள்.

கொக்கி உங்கள் பத்திரத்தின் அடுத்த பத்தியில் இருக்கிறது. இந்த இனாம் பரம்பரையாகத் தொடரும், ஆனால் விற்க முடியாது. நேர் வாரிசு அற்றுப்போனால் சர்க்காரைச் சேரும். தத்துப் பிள்ளை கணக்கில் வரமாட்டான். அதற்குக் கீழேயே, வருடம் இத்தனை ரூபாய் இத்தனை அணா கட்டச் சம்மதித்தால் நிரந்தரமாக உமதே, விற்கலாம், தத்தெடுக்கலாம் என்று வேறொரு வழியும் காட்டியிருக்கும். அந்தத் தொகைக்கு ஒரு கணக்கு உண்டு: எந்த வகை இனாம், வாரிசு நிலவரம் என்ன என்று பார்த்து, தீர்வையில் எட்டில் ஒரு பங்கிலிருந்து மேலே போகும். பிள்ளை இல்லாத வீடுகளில் அந்தப் பத்தியை எத்தனை ராத்திரி திரும்பத் திரும்பப் படித்திருப்பார்களோ!

சரி, நிலம் எப்படிக் கைமாறியது? 1963-ல் இரண்டு சட்டங்கள் வந்தன: முழுக் கிராம இனாம்களுக்கு 26-வது சட்டம், துண்டு துக்காணிகளுக்கு 30-வது சட்டம். இரண்டாவது 1965 பிப்ரவரி 15 முதல் அமலுக்கு வந்தது. பேச்சு வழக்கில் ‘மைனர் இனாம் ஆக்ட்’. இனாம் என்ற இனமே ஒழிந்தது. குடிவாரம் யாருக்கோ அவருக்கு ரயத்துவாரி பட்டா (சர்க்காருக்கு நேரே தீர்வை கட்டும் நிலச் சொந்தக்காரர் என்ற சீட்டு), மேல்வாரக்காரருக்கு நஷ்டஈடு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு விசாரணைக்குக் கட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். ஊர்ச் சாவடியில் விசாரணை. ஒரு பக்கம் வயதான மாமி ஒருவர், மஞ்சள் துணியில் சுற்றிய பத்திரத்தோடு. எதிர்ப் பக்கம் ஒரு குடியானவர், கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ‘இதில் உங்கள் வயல் எது, காட்டுங்கள்’ என்றார் அதிகாரி. மாமி வரப்பில் கால் வைத்ததே இல்லை. நெல் மட்டும் வீட்டுக்கு வந்திருக்கிறது. அந்த மனிதர் வரப்போரம் இருந்த தென்னைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது இன்ன வருஷம் வைத்தது, இது பெரிய பெண் பிறந்தபோது வைத்தது என்று சொல்லிக்கொண்டே போனார். பட்டா அவருக்குத்தான் போனது. மாமி பத்திரத்தை மறுபடி மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். நஷ்டஈட்டுத் தொகையைக் கேட்டு, ‘இவ்வளவுதானா?’ என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது: ஐ.எஃப்.ஆர். என்று இலாகாவில் சொல்லும் இனாம் பதிவேட்டின் நகலையும், உங்கள் கிராமத்துக்கு 1965-க்குப் பிறகு செட்டில்மெண்ட் தாசில்தார் போட்ட உத்தரவையும் எடுத்துப் பாருங்கள். இருவாரம் என்று நிலைநாட்டிப் பண்ணை வைத்துப் பயிர் செய்திருந்தால் அன்றைக்கே உங்கள் வீட்டாருக்குப் பட்டா கொடுத்திருப்பார்கள். அப்புறம் அது விற்றுப் போயிருக்கலாம். இல்லை என்றால், உங்கள் கையில் இருப்பது எப்போதோ தீர்ந்துபோன ஒரு வரி உரிமையின் சீட்டு. வக்கீலிடம் போவதென்றால் போங்கள். பெட்டியில் ராமபாணப் பூச்சி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செங்கல்பட்டை ‘ஜாகீர்’ என்று பழைய புத்தகங்களில் சொல்கிறார்களே, அங்கே எந்த ஜாகீர்தார் குடும்பம் இருந்தது?
*பி.வி., மதுராந்தகம்*

அங்கே ஜாகீர்தார் சாட்சாத் கும்பினிதான்! 1763-ல் ஆற்காட்டு நவாபு முகமது அலி தன் கடனுக்கும் நன்றிக்குமாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர், அதாவது அந்தச் சீமையின் வருவாய் உரிமை, அது. 1765-ல் டில்லி பாதுஷாவும் அதை உறுதி செய்தார். ஊரில் எல்லாருடைய இனாமுக்கும் சன்னது (அரசர் கொடுத்த உரிமைப் பத்திரம்) எங்கே என்று பின்னால் கேட்டவர்கள், தாங்களே ஒரு காலத்தில் சன்னதோடு நின்றவர்கள்.

குடும்ப ஜாகீர் வேண்டுமென்றால் ஆரணியைப் பாருங்கள். சிவாஜியின் அப்பா ஷாஜி காலத்து மராத்தியர் வேதாஜி பாஸ்கர் பந்தின் வழிவந்தவர்கள் கம்பெனி காலத்தையும் தாண்டி வைத்திருந்தார்கள். ஆரணிக்கு அருகே சத்திய விஜய நகரத்தில் அவர்கள் கட்டிய அரண்மனை இன்றும் நிற்கிறது.

கேள்வி: நவாபு காலத்தில் எங்கள் வீட்டுக்கு ‘யோமியா’ வந்ததாகப் பாட்டி சொல்வார். நின்றுபோனபோது தாத்தா ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை?
*எச்.எம்., ஆற்காடு*

யோமியா என்பது தினப்படி. யௌம் என்றால் நாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலம் கொடுக்காமல், வசூலாகும் பணத்திலிருந்து நாளுக்கு இவ்வளவு என்று கஜானாவிலேயே எழுதிவைப்பது. தாத்தாவைக் குறை சொல்லாதீர்கள். 1871-ல் ஒரு பென்ஷன் சட்டம் வந்தது. சர்க்கார் கொடுக்கும் பென்ஷன், பண மானியம், நிலவரி மானியம் எதைப் பற்றியும் கலெக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் சிவில் கோர்ட் வழக்கை எடுக்கக் கூடாது. யார்மேல் புகாரோ அவரிடமே அனுமதிச் சீட்டு! லக்னோவில் அவத் நவாபு வம்சத்தார் ‘வசீக்கா’ என்று இன்னும் வாங்கி வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து, சிலருக்கு அதை வாங்கப் போகும் ஆட்டோவுக்குக் கூடக் காணாது.

கேள்வி: என் பாட்டியின் அம்மா கோயிலில் சதிர் ஆடியவர். அந்தப் பெயரில் இருந்த மானிய நிலம் எங்களுக்கு வீடு கட்டவும் படிக்கவும் உதவியது. கோயில் வேலைக்குக் கொடுத்த நிலம், வேலை நின்ற பிறகு எப்படிச் சொந்தமானது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெயர் போட வேண்டாம்.
*வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்*

அம்மா, இது இந்தக் கட்டிலேயே எனக்குப் பிடித்த கடிதம்.

கோயில் ஊழிய இனாமை இனாம் கமிஷன் மற்றவற்றைப் போல விடுவிக்கவில்லை. ஊழியம் நடக்கும் வரை நிலம், நின்றால் போச்சு என்பதுதான் விதி. நாதஸ்வரக்காரர், பூக்கட்டுபவர், கும்ப ஆரத்தி எடுப்பவர் எல்லாருக்கும் அதே கதி. பெண்ணைக் கோயிலுக்கே நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டும் வழக்கம் வேண்டாம் என்று ஒரு பெண் நினைத்தால்கூட, சோறு போடும் நிலம் அவளைக் கோயிலோடு கட்டிப்போட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் முதலில் கை வைத்தது இந்த முடிச்சில்தான். 1929-ன் ஐந்தாவது சட்டம் அவர் கொண்டுவந்தது. ஊழிய நிபந்தனை நீங்கி, நிலம் அந்தப் பெண்களிடமே நின்றது. பொட்டுக் கட்டுவதையே தடை செய்த சட்டம் வர 1947 ஆனது. முதலில் நிலம், அப்புறம் தடை. அந்த வரிசையில் எவ்வளவு யோசனை இருந்திருக்கிறது பாருங்கள்.

ரிக்கார்டு ரூமில் உங்கள் கிராமத்து இனாம் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். ரெவின்யூ கணக்கின் பசலி ஆண்டு போட்டிருந்தால், ஆங்கில வருஷத்துக்கு 590 கூட்டிக்கொள்ளுங்கள். முதலில் யாருக்குக் கொடுத்தது, இப்போது யார் அனுபவிக்கிறார், அவருக்கு வயது என்ன, முதலில் வாங்கியவருக்கு என்ன உறவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். மற்ற வீடுகளுக்கு அந்த உறவுக் கட்டத்தில் மகன், பேரன், பேரன் என்றே போகும். நான் பார்த்த ஒரு பதிவேட்டில், உங்களுடையதைப் போன்ற ஒரு வீட்டுக்கு, மகள் என்று எழுதி அதன் கீழே மறுபடியும் மகள் என்று எழுதியிருந்தார் அந்த குமாஸ்தா.