எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள்: சியாவ் லான் ஏரி குறித்த கேள்வி பதில்

தென் தாய்லாந்தின் சூரத்தானி மாகாணத்தில், காவ் சோக் தேசியப் பூங்காவுக்குள் பரந்து கிடக்கும் சியாவ் லான் ஏரிக்குப் பினாங்கிலிருந்து பலமுறை சிறு குழுக்களை அழைத்துச் சென்று, மிதவைக் குடில்களில் தங்கி வந்திருக்கிறேன். வந்து சேர்ந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கோலாலம்பூர்): ஓர் இரவுப் பயணத்தில் உண்மையில் என்ன பார்க்கலாம்?

பதில்: படகுத்துறையில் நீண்ட தண்டுள்ள வால்படகில் ஏறினால், சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மிதவைக் குடிலை அடையலாம். மாலையில் ஒருமுறையும் விடியலில் ஒருமுறையும் கரையோரமாகப் படகில் செல்வார்கள். வழிகாட்டியிடம் நீங்கள் கேட்டுப் பெறவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வளைகுடாவின் வாயிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போடச் சொல்லுங்கள். லாரி எஞ்சின் போல முழங்கும் அந்தச் சத்தத்தோடு கரையை நெருங்கினால், கடமான் மரத்துக்குப் பின்னால் மறைந்தபிறகே நாம் போய்ச் சேர்வோம்.

இரவில் டார்ச்சின் ஒளிபட்டுத் திரும்பும் கண்களைத்தான் முதலில் காண்பீர்கள். கரைப் புல்லில் பனித்துளி போல் நீலப்பச்சையாக மின்னுவது பெரும்பாலும் சிலந்தி. அசையாமல் இரண்டு புள்ளிகளாக நின்று, பிறகு தலை தாழ்த்துவதுபோல் ஒருசேர அணைவது மான். விடியலோ காதுக்கு உரியது. மூடுபனி கலையும் முன்பே கிப்பன்கள் என்னும் வாலில்லாக் குரங்குகள் பாடத் தொடங்கும். பெண் கிப்பனின் குரல் படிப்படியாக ஏறி உச்சியில் நின்று இறங்கி முடியும்போது, ஆண் பதில் தரும். பெரிய இருவாச்சி தலைக்கு மேலே பறந்தால், பறவையைக் காண்பதற்கு முன்பே சிறகோசை ரயில் மூச்சு வாங்குவதுபோல் கேட்கும்.

கேள்வி (கோயம்புத்தூர்): புலியைப் பார்க்க முடியுமா?

பதில்: எதிர்பார்த்துச் செல்லவேண்டாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எந்த மாதத்தில் செல்வது நல்லது? "நாம் தாலு" என்ற குகைக்கும் போகலாமா?

பதில்: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. குகைக்கும் அந்தக் காலத்தில் மட்டுமே செல்லவேண்டும். குகையின் ஊடாகவே ஓடை ஓடுகிறது. சில இடங்களில் நீந்தித்தான் கடக்கவேண்டும். மேலே மலையில் பெய்யும் மழை உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. 2007 அக்டோபரில் திடீர் வெள்ளத்தில் சிக்கி, வழிகாட்டிகள் உட்பட எட்டுப் பேர் அங்கே உயிரிழந்தார்கள்.

கேள்வி (சென்னை): சைவ உணவு கிடைக்குமா?

பதில்: முன்கூட்டியே சொன்னால் கிடைக்கும். காய்கறி மட்டும் என்று கேட்டால் மீன்சாறு ஊற்றித் தந்துவிடக்கூடும். "ஜே" என்று கேளுங்கள், தாய் மொழியில் அது கண்டிப்பான சைவ உணவைக் குறிக்கும். ஆனால் அதில் பூண்டும் வெங்காயமும் இருக்காது.

கேள்வி (சிங்கப்பூர்): இது அணைக்கட்டு நீர்த்தேக்கம்தானே? மூழ்கிய காட்டின் விலங்குகளை அப்போதே மீட்டுவிட்டார்கள் என்றும் படித்தேன். அப்படியிருக்க, இழப்பு என்று ஏன் வருந்தவேண்டும்?

பதில்: 1982இல் தொடங்கி 1987இல் முடிந்த ராஜபிரபா அணை, ஏறத்தாழ 165 சதுர கிலோமீட்டர் பள்ளத்தாக்கை மூழ்கடித்தது. நீர் ஏறியபோது சுயெப் நாகசதியென் என்ற வனத்துறை அதிகாரியின் குழு 1,364 விலங்குகளை மீட்டது உண்மைதான். ஆனால் அப்பெரும் முயற்சிக்குப் பிறகும், குன்றின் உச்சிகளாக மிஞ்சிய நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளில் நடந்ததைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்திலும் சுமார் இருபது ஆண்டுகள் கழித்தும் ஆய்வாளர்கள் பதினாறு தீவுகளில் பொறி வைத்துச் சிறு பாலூட்டிகளைக் கணக்கெடுத்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, பத்து ஹெக்டேருக்கும் குறைவான தீவுகளில் அந்தக் காட்டுக்கே உரிய சிறு பாலூட்டி இனங்கள் ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளேயே ஏறக்குறைய அற்றுப்போயிருந்தன. பெரிய தீவுகளிலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அதே கதிதான். அவற்றின் இடத்தைப் பிடித்தது மலாய் வயல் எலி. விலங்கைப் படகில் ஏற்றிக் காப்பாற்றலாம். அது வாழ்ந்த காட்டை ஏற்ற எந்தப் படகும் இல்லை.

கேள்வி (மீண்டும் சிங்கப்பூர்): தீவுகளில்தானே அழிந்தன? கரையில் யானையும் காட்டெருதும் இருப்பதாக நீங்களே சொல்வீர்களே?

பதில்: ஒப்புக்கொள்கிறேன். கரையில் பெரிய விலங்குகள் பிழைத்திருப்பதற்குக் காரணம், காவ் சோக்கோடு கிளோங் சேங் சரணாலயமும் பிற காடுகளும் அறுபடாமல் தொடர்வது. அது காட்டின் தயவே ஒழிய அணையின் தயவு அல்ல. மேலும் மூழ்கியது ஆற்றோரத் தாழ்நிலக் காடு. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி செங்குத்தான சரிவுகள். இரண்டும் ஒரே பரப்பு என்று வரைபடத்தில் கூட்டிக்கொள்ளலாம், விலங்குக்கு அப்படியல்ல.

கேள்வி (தேனி): தேக்கடி ஏரியும் இப்படித்தான் உண்டானது இல்லையா?

பதில்: ஆம், 1895இல் முல்லைப் பெரியாறு அணையால். நீரில் நிற்கும் மொட்டை மரங்கள் இரண்டு ஏரிகளுக்கும் பொது. அதற்குமேல் பேசத் தொடங்கினால் சியாவ் லானுக்குத் திரும்பமாட்டோம்.

கேள்வி (திருச்சி): புலி, சிறுத்தை ஏதேனும்?

பதில்: கோயம்புத்தூர்க்காரருக்குச் சொன்னதைப் பார்க்கவும்.

கேள்வி (ஈப்போ): ஜூலையில் செல்கிறோம். தனியார் வழிகாட்டி ஒருவர் குகைக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்கிறார்.

பதில்: யாழ்ப்பாணத்து அன்பருக்கு எழுதியதை மீண்டும் எழுதுகிறேன்: மழைக்காலத்தில் அந்தக் குகை வேண்டாம். பூங்கா நிர்வாகமே அப்போது அதை மூடி வைக்கிறது. மூடிய குகைக்கு அழைப்பவரோடு வேறு எங்கும் போகவேண்டாம்.

கேள்வி (மதுரை): இரவில் படமெடுக்க ஃபிளாஷ் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. டார்ச்சில் சிவப்புத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். தீவுப் புதரில் ஒரு ஜோடிக் கண் மின்னினால் அவசரப்பட்டு மகிழவேண்டாம், அந்த எலியாகவும் இருக்கலாம்.