பதில்: ஒரே இடத்தை அழுத்தினாலும் தோலின் மென்மை அளவு மாறுகிறது

தோலின் மென்மையை அளக்க, முன்கையில் ஒரே இடத்தை எஃப்எஸ்ஆர் சென்சாரால் (அழுத்தினால் மின்தடை மாறும் விசைச் சென்சார்) பத்து முறை அழுத்தினால் பத்து அளவு வருகிறது என்றீர்கள். அதில் ஆச்சரியமில்லை. அழுத்திப் பிடித்திருக்கும்போதே எஃப்எஸ்ஆர் அளவு நகரும். விட்டதும் பழைய நிலைக்குச் சரியாகத் திரும்பாது. தவிர, விசையை மட்டும் வைத்து மென்மையைச் சொல்ல முடியாது, அமுங்கிய ஆழமும் வேண்டும்.

100 கிராம் வரை அளக்கும் லோட்செல் (விசையை மின் சிக்னலாக மாற்றும் சென்சார்) நுனியில் 6 மி.மீ. உருண்டையைப் பொருத்தி, ஸ்டெப்பர் மோட்டாரால் (சிறு சிறு படிகளாக நகரும் மோட்டார்) நொடிக்கு 1 மி.மீ. வேகத்தில் 2 மி.மீ. இறக்குங்கள். கையால் வேண்டாம்: வேகமாக அழுத்தினால் அதே தோல் கெட்டியாகக் காட்டும். லோட்செல்லின் சிக்னலைப் படித்து எண்ணாக்கும் எச்எக்ஸ்711 பலகை பெரும்பாலும் நொடிக்கு 10 அளவுதான் தரும். அதிலுள்ள சிப்பின் 15ஆம் காலை (பின்) கிரவுண்ட் இணைப்பிலிருந்து பிரித்து, பக்கத்து 16ஆம் காலோடு இணைத்தால் நொடிக்கு 80 அளவு வரும். (சால்டரிங் கொஞ்சம் படுத்தும்.)

முதல் மூன்று அழுத்தல்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எலும்பு மேலாக உள்ள இடத்தையும் தவிருங்கள். தோலின் ஈரப்பதத்தையும் அளக்க வேண்டுமானால், அதற்குத் தனியாகக் கொள்ளளவுச் சென்சார் (மின் கொள்ளளவு, அதாவது கெப்பாசிட்டன்ஸ், மாற்றத்தை அளப்பது)தான்.