கண்டி ஏரியைச் சுற்றி, வழிகாட்டியோடு ஒரு நடை: கேள்வி பதில்

நான் கண்டியில் பிறந்து வளர்ந்தவன். ஊருக்கு வரும் சொந்தக்காரர்களைப் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்கும் ஏரிக்கும் கூட்டிப்போய்ப் பழகி, அதுவே பிறகு பிழைப்பாகிவிட்டது. பன்னிரண்டு வருடம் நடந்தேன், முழங்கால் போதும் என்றது, விட்டுவிட்டேன். இப்போது யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பதில்லை. அதனால் மனதில் பட்டதைச் சொல்லலாம். கேளுங்கள்.

சென்னையிலிருந்து: ஆகஸ்டில் இரண்டு நாள் கண்டியில் தங்குகிறோம். ஊர் சின்னதுதானே, கையில் கூகுள் மேப் இருக்கிறது. தனியாக ஒரு வழிகாட்டிக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

வழி தெரிவதற்கு என்றால் வேண்டாம். கண்டியில் தொலைந்துபோக நிறைய முயற்சி செய்ய வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஏரிக்கரையில் வெள்ளைச் சுவர் ஒன்று ஓடும். மேல்விளிம்பு அலை அலையாக ஏறி இறங்கும், உடம்பில் முக்கோணக் குழிகள் இருக்கும். அதில் சாய்ந்து படம் எடுக்காத ஆள் இல்லை. அது என்ன என்று கேட்பவர்தான் குறைவு. சிங்களத்தில் அதற்கு வலாகுளு பம்ம என்று பெயர், மேகச் சுவர். ஏரியின் பழைய பெயர் கிரி முஹுத, நம் வார்த்தையில் பாற்கடல். கீழே பாற்கடல், அதன் மேல் மேகம், அதற்கும் மேலே எண்கோண மண்டபத்தில் நின்று சனங்களுக்கு முகம் காட்டும் ராஜா. இப்போது தள்ளி நின்று மாளிகையைப் பாருங்கள், ஊர் வேறு மாதிரித் தெரியும். அந்தக் குழிகள் விளக்கு ஏற்றி வைக்க. இருட்டில் அத்தனையும் எரிந்து தண்ணீரில் விழுந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பி. சுவர் ஏரியை முழுக்கச் சுற்றி வருவதற்குள் ராஜ்யமே முடிந்துவிட்டது.

இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றால் வையுங்கள். மாளிகையில் கும்பிட்டுவிட்டு வந்தால் போதும் என்றால் அந்தக் காசுக்கு நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

அப்புறம், ஆகஸ்ட் என்கிறீர்கள். எசல பெரஹரா, அதாவது மாளிகையின் பெரிய ஊர்வலத் திருவிழா, ஜூலை, ஆகஸ்டில்தான் வரும். அந்த நாட்களில் பிற்பகலுக்குப் பிறகு வீதிகளை மறித்துவிடுவார்கள். நடை போவதென்றால் காலையில் மட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அப்பா அம்மாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்தக்கூடிய ஆள் வேண்டும். எப்படித் தெரிவுசெய்வது?

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கொடுத்த அனுமதி அட்டையைக் கேளுங்கள் அக்கா. காட்டத் தயங்குபவர் வேண்டாம். அதில் வகைகள் உண்டு. நாடு முழுக்கப் போகக்கூடிய தேசிய வழிகாட்டி, வாகனத்தோடு வரும் சாரதி வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கு மட்டும், ஒரு தலத்துக்கு மட்டும் என்று. ஊருக்குள் நடக்கப் பிரதேச வழிகாட்டியே தாராளம். சாரதி வழிகாட்டிகளில் நல்லவர்கள் நிறையப் பேர், ஆனால் அவர்கள் மனம் எப்போதும் வாகனம் நிறுத்திய இடத்திலேயே இருக்கும்.

தமிழ் பேசுவேன் என்று எல்லாரும் சொல்வார்கள். "வாங்க, போங்க, இங்க பாருங்க" வரைக்கும் ஓடும் தமிழும் உண்டு. முதலே போனில் ஒரு கேள்வி போடுங்கள்: மகுல் மடுவவில் என்ன நடந்தது? 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி ராஜ்யத்தை ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்த மண்டபம் அது. கையொப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் போட்டார்கள் என்ற விஷயத்துக்கு அவர் தானாக வந்தால், கண்ணை மூடிக்கொண்டு பேசி முடியுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: கூட 68 வயது அம்மாவும் 7 வயதுப் பையனும். ஏரியை முழுக்கச் சுற்ற முடியுமா?

சுற்று மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. உங்களால் முடியும், அம்மாவாலும் முடியும். பையன் பாதியில் உட்கார்ந்துவிடுவான். முழுச் சுற்று வேண்டாம்.

காலை ஏழு மணிக்கு மாளிகைப் பக்கத்துக் கரையில் தொடங்குங்கள். முதலில் உல்பெங்கே. பாதி தண்ணீருக்கு மேல் நிற்கும் கட்டடம், ராணிமார் குளித்த இடம். ஆங்கிலேயர் வந்து அதை வாசிகசாலை ஆக்கினார்கள். கரையோர மரங்களில் நீர்க்காகமும் கொக்கும் கூட்டமாக அடையும். அந்த மரத்தடிகளில் நடைபாதை வெள்ளை வெள்ளையாக இருக்கும், ஏன் என்று சொல்லத் தேவையில்லை. வெயில் இல்லாத நேரத்திலும் ஊர்ச் சனம் குடையை விரித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடக்கும், நீங்களும் விரித்துவிடுங்கள். தண்ணீர் ஓரத்தில் நீர் உடும்பு ஒன்று படுத்திருக்கும். பையனுக்கு அன்றைய நாள் அதோடு நிறைந்துவிடும்.

ஒன்பதுக்கு மாளிகைக்குள் போங்கள். வாசலில் பை சோதனை உண்டு. 1998 ஜனவரியில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு மாளிகை முன்னால் வாகனம் விடுவதில்லை. ஊருக்குள் பையனின் கையை விட்டு நடக்கவிடக்கூடிய இடம் அது ஒன்றுதான், அப்படியும் ஆகிவிட்டது. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். ஒன்பதரைக்குத் தேவாவ, அதாவது பூசை. கீழே மேளம் அடிக்கத் தொடங்கியதும் எல்லாரும் அங்கேயே நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் அம்மாவை நேரே மேல்மாடி வரிசைக்குக் கூட்டிப்போங்கள். கதவு திறந்ததும் வரிசை நகரும். தெரிவது பல் இல்லை, அது இருக்கும் பொற்பேழை, அதுவும் சில நொடிதான். இதை அம்மாவிடம் முன்னமே சொல்லிவைத்தால் ஏமாற்றம் இருக்காது.

பிறகு பக்கத்திலேயே தேசிய அருங்காட்சியகம், ராணிமார் இருந்த வளவு. அம்மா அங்கே நிழலில் இருக்கட்டும். பையனும் நீங்களும் வழிகாட்டியும் பின்னால் சரிவு ஏறினால் ஆங்கிலேயப் படையினரின் பழைய கல்லறைத் தோட்டம். 1817இல் தொடங்கியது. அங்கே கிடப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இளம் ஆட்கள், கைக்குழந்தைகளும் உண்டு, காய்ச்சல்தான் காரணம். காட்டு யானை கொன்ற ஒருவரின் கல்லும் இருக்கிறது. பையனிடம் அந்தக் கல்லைத் தேடச் சொல்லுங்கள்.

வேலூரிலிருந்து: கண்டியின் கடைசி ராஜா எங்கள் ஊர்க் கோட்டையில் இருந்தவர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கண்டியில் அவருடைய சுவடு என்ன மிச்சம்?

ஏரிதான் மிச்சம்! அது இயற்கை ஏரி இல்லை. வயலாக இருந்த பள்ளத்தை அணை கட்டி 1807இல் நீர் நிரப்பியவர் அவர்தான், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பட்டத்துக்கு வருவதற்கு முன் பெயர் கண்ணுசாமி. எண்கோண மண்டபமும் அவர் காலத்தது, இப்போது அதற்குள் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன.

கண்டி ராஜாக்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்து வந்தார்கள். 1739இல் ராஜா வாரிசில்லாமல் இறந்ததும் ராணியின் தம்பி பட்டத்துக்கு வந்தார். அங்கிருந்து நான்கு பேர் ஆண்டார்கள், கண்ணுசாமி நான்காமவர். கூடவே வந்த உறவுக்காரர் குடியிருந்த தெருவை ஆங்கிலேயர் மலபார் தெரு என்றே எழுதிவைத்தார்கள். 1815 பிப்ரவரி 18ஆம் தேதி பிடிபட்டார். அப்புறம் கொழும்பு, கப்பல், உங்கள் வேலூர். 1832 ஜனவரியில் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய நினைவிடம், முத்து மண்டபம், பார்த்திருப்பீர்கள்.

சிம்மாசனத்தைக் கண்டியில் தேடாதீர்கள். இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பிவந்தது, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலூர்க்காரர் என்று வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல ஆளாக இருந்தால் அவர்தான் உங்களிடம் கேள்வி கேட்பார். என்னிடம் ஒருமுறை வேலூர்க் குடும்பம் ஒன்று வந்தது, அன்றைக்கு நான் பேசியதைவிடக் கேட்டது அதிகம்.

பெங்களூரிலிருந்து: ஏரி வெட்ட மறுத்தவர்களை ராஜா ஏரித் தரையிலேயே கழுவேற்றினான் என்று ஒரு வீடியோவில் கேட்டேன். உண்மையா?

வழிகாட்டிகள் எல்லாரும் சொல்லும் கதை. நானும் சொல்லியிருக்கிறேன், கூட்டம் அப்படியே வாயைப் பிளக்கும். பிறகு அதைச் "சொல்வார்கள்" என்று சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன். ராஜாவைக் கொடுங்கோலன் என்று காட்டினால் நாட்டைப் பிடித்தது நியாயமாகிவிடும். ஆங்கிலேயருக்கு அந்தக் கதைகள் தேவைப்பட்டன, அதை மறக்கக் கூடாது.

அதற்காக நல்லவர் என்றும் சொல்ல வரவில்லை. 1814இல் எஹலப்பொல என்ற பிரதானி எதிர்ப்பக்கம் போனதும், அவர் மனைவி, பிள்ளைகளைக் கொன்றது நடந்த விஷயம். நாத தேவாலயத்துக்கும் விஷ்ணு தேவாலயத்துக்கும் (இங்கே தேவாலயம் என்றால் தெய்வங்களின் கோயில்) இடையில் இருக்கும் திடலில் பிள்ளைகள் வெட்டப்பட்டார்கள். தாயைப் போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். மூத்தவன் பயந்து தாயைக் கட்டிக்கொள்ள, சின்னவன் மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்தான் என்று இங்கே ஒவ்வொரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

மாளிகை முன் திடலில் கெப்பெட்டிபொலவின் நினைவுச் சின்னம் இருக்கிறது. தங்களுக்கு எதிரான 1818 கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய கண்டிப் பிரதானி, போன இடத்தில் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். தலையை வெட்டி மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார்கள், 1954இல்தான் திரும்பி வந்தது. ராஜாவின் கொடுமையைப் பத்து நிமிடம் சொல்லிவிட்டு இந்தச் சின்னத்தை ஒரு வார்த்தையில் கடக்கும் வழிகாட்டிக்குப் பாதிக் கதைதான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோவிலிருந்து: எந்தக் கிழமை போவது நல்லது?

புதன்கிழமை. அன்று காலை நானுமுற மங்கல்ய என்று ஒரு சடங்கு, வாசனைத் தண்ணீரால் செய்வது. அந்தத் தண்ணீரைச் சனங்களுக்குக் கொடுப்பார்கள். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், வெள்ளை உடுத்த கூட்டம் பார்க்க அழகு. ஆனால் நின்று கதை கேட்க இடம் இருக்காது.

திருச்சியிலிருந்து: காசு விஷயம் எப்படிப் பேசுவது? கடைக்கடையாக இழுத்துப் போவார்களாமே?

இழுப்பார்கள். இரத்தினக்கல், பாத்திக் துணி, மரச்சிற்பம், வாசனைத் திரவியத் தோட்டம். நீங்கள் வாங்கும் விலையில் அழைத்துவந்தவருக்குப் பங்கு இருக்கும். எனக்கும் ஒரு கடையில் ஒரு காலத்தில் மாதம் முடிய உறை வந்தது. முதல் வருடம் வாங்கினேன். ஒருநாள் ஒரு ரிடயர்ட் வாத்தியார், நீலக்கல் என்று நினைத்து வாங்கியதை வெளியே வந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதோடு விட்டேன்.

அதனால் பேசும்போதே சொல்லுங்கள்: தலைக்கு இவ்வளவு என்று இல்லை, குழுவுக்கு மொத்தமாக இவ்வளவு, இத்தனை மணி நேரம், கடை கிடையாது, ஓட்டோ கிடையாது. நுழைவுச் சீட்டு அந்தத் தொகைக்குள்ளா வெளியேயா என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டவருக்கு மாளிகையில் சீட்டு உண்டு, உள்ளூர்க்காரருக்கு இல்லை. "கடை இல்லை என்றால் கொஞ்சம் கூட ஆகும்" என்று ஒருவர் நேராகச் சொன்னால் கோபப்படாதீர்கள், அவர்தான் யோக்கியர்.

ஏரிக்கரையில் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து "என்னைத் தெரியவில்லையா, உங்கள் ஹோட்டல் சமையல்காரன்" என்பார். இன்றைக்கு மட்டும் விசேஷ பூசை இருக்கிறது என்பார். சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து: எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் கண்ணகி அம்மன். கண்டியில் பத்தினி தெய்வம் என்கிறார்களே, அதே அம்மாளா?

அதே அம்மாள்தான். பத்தினி தேவாலயம் மாளிகைக்கு எதிரே, நாத தேவாலயத்துக்குப் பக்கத்தில். பெரஹராவில் தேவாலய ஊர்வலங்கள் நான்கு: நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி. அதாவது நம் முருகனும் கண்ணகியும் வீதியுலா வருகிறார்கள், கண்ணகி கடைசியாக. உங்கள் ஊரில் கண்ணகிக்குக் குளிர்த்திப் பாடல் பாடுகிறவர் யாராவது கூட வந்தால் வழிகாட்டிக்கே பாடம் எடுக்கலாம். கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயிலையும் விடாதீர்கள்.

மதுரையிலிருந்து: உடவத்தகெலே காட்டையும் அதே நடையில் சேர்க்கலாமா?

வேண்டாம். அது மாளிகைக்குப் பின்னால் இருக்கும் தனிக் காடு, தனியாக ஒரு காலை வேண்டும். மழை பெய்திருந்தால் அட்டை காலில் ஏறும், சாக்ஸுக்குள் காற்சட்டையைச் சொருகுங்கள்.

கொழும்பிலிருந்து: ரயிலுக்கு முன்னால் ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, அண்ணா. எதைப் பார்ப்பது?

வழிகாட்டி வேண்டாம் தம்பி, மாளிகை வரிசையும் வேண்டாம். நேரே மேகச் சுவருக்குப் போய் ஏரி நடுவில் இருக்கும் தீவைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். ராஜா காலத்தில் அந்தப்புரம், வெள்ளைக்காரன் காலத்தில் வெடிமருந்துக் கிடங்கு. திரும்பி ஸ்டேஷனுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் எப்போதும் நெரிசல்.