பள்ளி கோல்ஃப் சீசனுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் எப்படித் தேறுவது?

நீங்கள் இப்போது தினமும் ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் திடல்) போய், தூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவரால்தான் வெளுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அணித் தேர்வுக்கு முன் இரண்டு மாதம் கூடை கூடையாகப் பந்து அடித்தேன். தேர்வு நாளில் என்னைவிடத் தூரம் அடித்தவர்கள் இரண்டே பேர். ஆனாலும் 2 ஷாட்டில் இடம் போனது. வீட்டுக்கு வந்து ஸ்கோர் கார்டை எடுத்துப் பார்த்தால், ஆறு கிரீன்களில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) மூன்று மூன்று பட் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி). பார் 72 மைதானத்தில், அதாவது 18 குழிக்கும் சேர்த்து 72 ஷாட் என்று கணக்கு வைத்த மைதானத்தில், கிரீனுக்கு இரண்டு பட் வீதம் 36 ஷாட், சரிபாதி. அந்தப் பாதிக்கு நான் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.

அடுத்த வருடம் குழியிலிருந்து 3 அடி தள்ளி நின்றுகொண்டேன். பட்டர் (பட் அடிக்கும் மட்டை) தலை நுழையுமளவு இடம் விட்டு இரண்டு பக்கமும் டீ (பந்தை ஏற்றிவைக்கும் சிறு குச்சி) குத்திவைப்பேன். பட்டர் கொஞ்சம் கோணினாலும் டீயில் 'டிக்'கென்று இடிக்கும். தொடர்ந்து 20 பந்து விழ வேண்டும், ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. முதல் பத்து சும்மா விழுந்துவிடும். பதினெட்டைத் தாண்டினால் உள்ளங்கை வேர்க்கும், பிடி இறுகும், அந்த நாலேகால் அங்குலக் குழி சுருங்கிப்போன மாதிரி இருக்கும். தேர்வு நாளில் வந்த அதே நடுக்கம். தினமும் சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டிப் பழகிவிட்டேன். அந்த வருடம் அணியில் எடுத்தார்கள்.

தூரம் தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்களில்தான் வருகிறது என்று பேராசிரியர் மார்க் பிராடி கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். சரிதான். ஆனால் ஸ்விங்கை மாற்றி அது உடம்பில் ஊற இரண்டு மாதம் போதாது. ஒவ்வொரு குழிக்கும் அடிக்கும் முதல் ஷாட்டில் உங்களுக்கு வேண்டியது பந்து எல்லைக்குள் கிடப்பது. வெளியே போனால் ஒரு ஷாட் தண்டம், அதோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். டிரைவர் நம்பிக்கை தரவில்லையா, குறுகலான ஃபேர்வேயில் (கிரீன் வரை போகும் புல்பாதை) அடிக்க எளிதான ஹைப்ரிட் மட்டையை எடுங்கள். அப்புறம், பந்து தொலைந்திருக்கும் என்று தோன்றினால் தயங்காமல் தற்காலிக மாற்றுப் பந்து (புரொவிஷனல்) அடித்துவிட்டு நடங்கள். 2019-லிருந்து தேடுவதற்கு மூன்றே நிமிடம்தான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காததுதான். நான் தோற்ற அந்தத் தேர்வில் ஒரு பையனின் அப்பா கூடவே நடந்து வந்து, எந்த வெட்ஜ் (கிட்டத்திலிருந்து தூக்கி அடிக்கும் மட்டை) எடுக்கலாம், கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவனும் கேட்டுக் கேட்டு அடித்தான். ஆட்டத்தின்போது கேடியை (மட்டைப் பை சுமந்து உதவுபவர்) தவிர வேறு யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது என்பது விதி. பொறுப்பிலிருந்தவர் பார்த்தும் கண்டுகொள்ளவில்லை. கடைசி இடம் அவனுக்குப் போனது. அன்றைக்கு நான் வாய் திறக்காமல் நின்றது இன்னும் உறுத்துகிறது. உங்கள் வீட்டிலிருந்து யாராவது வந்தால், தள்ளியே நடந்து வரச் சொல்லுங்கள்.