கையெழுத்துப் போடாத இருவர்

அன்புள்ள ஐயா,

கிரேக்க விடுதலைப் போரின் தளபதி தியோடோரோஸ் கொலோகோட்ரோனிஸ் பற்றி வாசித்து வருகிறேன். அத்தனை வெற்றி தேடித்தந்தவரைச் சொந்த நாடே சிறையில் போட்டதே, என்ன நன்றிகெட்ட ஜனம்! திரிபோலிட்சாப் படுகொலையைச் சொல்லி அவரைக் குறை பேசுகிறார்கள். போரில் அது சகஜம்தானே? அவரா, அதே போரின் இன்னொரு தளபதி கரைஸ்காகிஸா, யார் பெரிய வீரர்?

அன்புள்ள தம்பி,

யார் பெரியவர் என்ற பட்டிமன்றம் நமக்கு வேண்டாம். உங்கள் கடிதம் வந்தபோது நானும் கொலோகோட்ரோனிஸின் நினைவுகளைத்தான் மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

"சகஜம்தானே" என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? 1821 அக்டோபரில் துருக்கியர் வசமிருந்த அந்த ஊர் விழுந்தபோது, துருக்கியரையும் யூதரையும், பெண்கள் பிள்ளைகள் என்று பாராமல் கிரேக்கப் படையினர் வெட்டினார்கள். மதிலிலிருந்து அரண்மனைவரை கிடந்த பிணங்களால் தன் குதிரையின் குளம்பு மண்ணில் படவே இல்லை என்று சொன்னவர் அவரேதான். செத்தவர்கள் 32,000 என்றார்; அது மிகை என்கிறார்கள் ஆய்வாளர்கள். சந்தையில் கிரேக்கர்களைத் தூக்கில் போட்ட மரத்தைக் காட்டினார்களாம். என் குலத்தில் எத்தனை பேர் இதில் தொங்கினார்களோ என்று பெருமூச்சு விட்டு, அதை வெட்டச் சொன்னார். அவரே மறைக்காததை நீங்கள் ஏன் ஐயா மூடுகிறீர்கள்?

சிறை விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஜனத்தைத் திட்டாதீர்கள். 1834-இல், ஜெர்மானியப் பகுதியான பவேரியாவிலிருந்து வந்த மன்னர் ஓட்டோவுக்கு ஆளும் வயது வரவில்லை; ஆட்சி பவேரியப் பிரதிநிதிகள் கையில். நாஃப்பிலியோ நகரில் கொலோகோட்ரோனிஸ் மீது தேசத்துரோக வழக்கு, ஐந்து நீதிபதிகள். மூவர் மரண தண்டனைக்குக் கையெழுத்திட்டார்கள். தலைமை நீதிபதி அனஸ்தாசியோஸ் பொலிசோயிதிஸும் யோர்கோஸ் தெர்செட்டிஸும் முடியாது என்றுவிட்டார்கள். மிரட்டிப் பார்த்தும் மசியவில்லை. கடைசியில் சிப்பாய்கள் அவர்களைப் பலவந்தமாக இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்த பிறகுதான் தீர்ப்பையே வாசிக்க முடிந்தது. அப்போதும் கையெழுத்து விழவில்லை. அதற்காக அவர்கள் மீதே வழக்குப் போட்டார்கள், விடுதலையானார்கள். அந்த இருவரும் அதே ஜனத்தில் பிறந்தவர்கள்தானே? கத்தி பிடித்தவருக்கு ஊரெல்லாம் சிலை, பேனாவைத் தொட மறுத்தவர்களை உங்கள் கடிதத்தில் ஒரு வரியில்கூடக் காணோம். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தண்டனை குறைக்கப்பட்டு, 1835-இல் கிழவர் வெளியே வந்தார். அடுத்த வருடம் அவர் தன் கதையைச் சொல்லச் சொல்ல உட்கார்ந்து எழுதியவர் யார் தெரியுமா? அந்தத் தெர்செட்டிஸேதான். குதிரைக் குளம்பு நமக்கு வந்து சேர்ந்ததும் அவர் கையால்தான். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகாமல் வாசியுங்கள் தம்பி. அப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்கள்.